ஏலத்தில் விற்ற போத்தலும் நம்மூரில் விற்கப்படும் சான்றிதழும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரிய விஸ்கிப் போத்தல்கள் வெளிநாட்டு ஏலங்களில் கோடிக்கணக்கில் விலைபோவதைப் பற்றி நம் நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவரும் பெட்டிச் செய்திகள் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். தொகையைப் பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே போத்தலின் படத்தையும் போட்டு, நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும் அச்செய்திகள் பொய்யானவை அல்ல. ஆனால் அந்த விலை எதனால் வந்தது, அந்தப் போத்தல் அசல்தான் என்பதை யார், எப்படி உறுதி செய்தார்கள் என்ற இரண்டையும் அவை சொல்லாமல் விட்டுவிடுவதால், வேறு சரக்கை விற்க வருகிறவர்கள் அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இலவச விளம்பரமாகப் பயன்படுத்துகிறார்கள். கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோங் வட்டாரத்தில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

அண்மையில் சுங்கைப்பட்டாணியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த முதலீட்டு விளக்கக் கூட்டத்திற்கு, தோட்டத்தில் தண்டலாக (வேலைகளை மேற்பார்ப்பவராக) இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்குத் துணையாகச் சென்றிருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் கொடுத்த கையேட்டின் அட்டையில், உலகிலேயே மிக அதிக விலைக்கு ஏலம்போன மெக்காலன் 1926 என்ற ஸ்காட்லாந்து விஸ்கிப் போத்தலின் படம் பளபளத்தது. உள்ளே விற்பனைக்கு வைத்திருந்ததோ, ஸ்காட்லாந்தில் எங்கோ ஒரு கிடங்கில் இருப்பதாகச் சொல்லப்பட்ட, வடித்துச் சில ஆண்டுகளே ஆன விஸ்கிப் பீப்பாய்களில் ஆளுக்கு ஒரு பங்கு. “அங்கிள், இபிஎஃப் சேமநிதில போட்டு வச்சா அஞ்சு, ஆறு பர்சன்ட்தான். இது பத்து வருஷத்துல மூணு மடங்கு” என்று மிகவும் பணிவாகச் சொன்ன அந்த இளைஞரிடம், அட்டையில் உள்ள போத்தலுக்கும் இந்தப் பீப்பாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். “ரெண்டும் விஸ்கிதானே அங்கிள்” என்றார்.

அந்தப் போத்தலின் கதையைத் தெரிந்துகொண்டவர் எவரும் அந்தப் பதிலை ஏற்கமாட்டார். மெக்காலன் வடிசாலையில் 1926-இல் வடித்து, 263 என்ற எண்ணிட்ட ஒரே பீப்பாயில் அறுபது ஆண்டுகள் கிடந்து, 1986-இல் போத்தலில் அடைக்கப்பட்ட விஸ்கி அது. கிடைத்தவை மொத்தமே 40 போத்தல்கள். ஸ்காட்லாந்தின் குளிரிலும் பீப்பாயில் உள்ளது ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். மதுச்சத்தும் மெல்ல மெல்லக் குறையும். நாற்பது விழுக்காட்டிற்குக் கீழே இறங்கிவிட்டால் அதை ஸ்காட்ச் விஸ்கி என்று சட்டப்படி விற்க முடியாது. அந்தப் பீப்பாய் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் 42.6 விழுக்காட்டில் நின்றது என்பதே அபூர்வம். (பெங்களூரு போன்ற வெப்பமான ஊரில் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டிற்கும் மேல் ஆவியாகிவிடும் என்கிறார்கள்; நம் கெடாவின் வெயிலில் அறுபது ஆண்டுகள் வைத்திருந்தால் பீப்பாய்க் கட்டைதான் மிஞ்சும்.) அந்த நாற்பதில் 12 போத்தல்களுக்கு பீட்டர் பிளேக் என்ற ஆங்கிலேய ஓவியரும், 12 போத்தல்களுக்கு வலேரியோ அடாமி என்ற இத்தாலிய ஓவியரும் லேபிள் வரைந்தார்கள். 2023 நவம்பரில் லண்டனில் சோதபீஸ் ஏல நிறுவனம் விற்றது அடாமி லேபிள் ஒட்டிய போத்தல்களில் ஒன்று. விலை, ஏலக் கட்டணமும் சேர்த்து 21 லட்சத்து 87 ஆயிரத்து 500 பவுண்டு. அன்றைய மாற்று விகிதத்தில் 1 கோடியே 25 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. ஏலத்திற்கு முன் அந்தப் போத்தலை மெக்காலன் வடிசாலைக்கே கொண்டுபோய்ப் பழைய தக்கையை மாற்றி, லேபிளின் ஓரங்களை மறுபடி ஒட்டி, உள்ளேயிருந்து 1 மில்லிலிட்டர் மட்டும் எடுத்து, தங்களிடம் இருந்த இன்னொரு 1926 போத்தலின் விஸ்கியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விற்றார்கள். உற்பத்தி செய்தவர்களே திறந்து பார்த்துச் சான்று சொன்ன பிறகுதான், வாங்கியவர் அத்தனை பணத்தைக் கொடுத்தார். நம் செய்திகளில் இது வருவதே இல்லை.

சேகரிப்பாளர்கள் தேடுவதெல்லாம் இப்படி இனிமேல் பெருக வழியில்லாத சரக்கையே. 1980-களில் விஸ்கி தேங்கிப்போய் விற்காமல் கிடந்த காலத்தில் போர்ட் எலன், புரோரா என்ற இரண்டு ஸ்காட்லாந்து வடிசாலைகளை 1983-இல் மூடினார்கள். அன்று வாங்க ஆளில்லாத அவற்றின் சரக்குக்குத்தான் பிற்காலத்தில் ஏலத்தில் போட்டி நடந்தது. (புரோரா 2021-லும், போர்ட் எலன் 2024-லும் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டன, ஆனாலும் பழைய சரக்கு பழைய சரக்குதான்.) ஜப்பானில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுபோன ஹன்யு வடிசாலையின் விஸ்கியில், சீட்டுக்கட்டு படம் போட்ட 54 போத்தல்கள் கொண்ட முழுத் தொகுப்பு ஒன்று 2019-இல் ஹாங்காங்கில் 70 லட்சம் ஹாங்காங் டாலருக்கும் மேல் விலைபோனது. அந்த விலையில் பாதிக்குமேல் தொகுப்பு முழுமையாக இருந்ததற்காகக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

பணம் புழங்கும் இடத்திற்குப் போலியும் வந்து சேரும். 2017-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் உள்ள ஒரு ஹோட்டலில், 1878-ஆம் ஆண்டின் மெக்காலன் என்று லேபிள் சொன்ன போத்தலிலிருந்து ஒரே ஒரு சிறு கோப்பை விஸ்கியைச் சீனாவைச் சேர்ந்த எழுத்தாளர் ஒருவர் 9,999 பிராங்க் கொடுத்து அருந்தினார். செய்தி படத்தோடு வெளியானது. படத்தைப் பார்த்த விஸ்கி அறிஞர்கள் தக்கையையும் லேபிளையும் கண்டு சந்தேகப்பட்டார்கள். ஆய்வுக்கு அனுப்பியபோது, அது பெரும்பாலும் 1970-க்கும் 1972-க்கும் இடைப்பட்ட சரக்கு என்றும், தனி மால்ட் விஸ்கிகூட (ஒரே வடிசாலையில் முளைவிட்ட பார்லியிலிருந்து மட்டும் வடித்தது) அல்லாமல் பிற தானிய விஸ்கி கலந்த கலவை என்றும் தெரியவந்தது. ஹோட்டல்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது அவருடைய நாணயம். எல்லாரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் திறந்தவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறத்தாழ இருமடங்காகி, பின்னர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. விளைந்த ஆண்டில் காற்றில் இருந்த அளவையே பார்லிப் பயிர் எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து வடித்த விஸ்கியிலும் அந்த அடையாளம் நின்றுவிடுகிறது. ஆகவே 1900-ஆம் ஆண்டு என்று லேபிள் ஒட்டிய போத்தலுக்குள் அணுகுண்டுக் காலத்துக் கார்பன் இருந்தால், லேபிள் பொய். இந்த முறையில் 2018-இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் சோதித்த 55 அரிய போத்தல்களில் 21 போலியாகவோ, சொல்லப்பட்ட ஆண்டில் வடிக்கப்படாதவையாகவோ இருந்தன. மெக்காலன் நிறுவனமே தன்னுடைய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போத்தல்கள் என்று நம்பி ஏலத்தில் வாங்கிய சிலவும் பிறகு போலி என்று தெரிந்தது. செய்தவனுக்கே அடையாளம் தெரியாத பொருளை, ஹோட்டல் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாம் கண்டுபிடித்துவிடுவோமா?

நான் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். ரப்பர்ப் பால் கொண்டுவந்து ஊற்றும்போது வாளியின் கனத்தைப் பார்த்து மட்டும் நாங்கள் கணக்கு எழுதியதில்லை. மெட்ரோலாக் என்ற அளவுகருவியை விட்டுத் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்த்த பிறகே எழுதினோம். அரிய விஸ்கியில், வடிசாலையே திறந்து பார்த்துச் சான்று சொன்னால் ஒழிய, வாங்குகிறவருக்கு அந்தச் சோதனைக்கு இடமில்லை. தாமாகப் போத்தலைத் திறந்தால் அதன் மதிப்பே போய்விடும். திறக்காவிட்டால் உள்ளே இருப்பது தெரியாது. வாங்குகிறவர் லேபிளையும், தக்கையையும், கழுத்தில் சரக்கின் மட்டத்தையும், அது யார் யார் கையில் இருந்து வந்தது என்ற தாள்களையும் நம்பித்தான் பணம் கொடுக்கிறார். காலிப் போத்தலுக்குக்கூட இணையத்தில் நல்ல விலை கிடைக்கிறது என்றால், எதற்காக வாங்குகிறார்கள் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பீப்பாய் வியாபாரம் இதைவிடச் சிக்கலானது. என் நண்பருக்குக் கொடுப்பதாகச் சொன்ன சான்றிதழின் மாதிரியை வாங்கிப் பார்த்தேன். தடித்த தாள், பொன்னிற முத்திரை, நண்பரின் பெயருக்கு இடம், தொகைக்கு இடம். பீப்பாயின் எண் இல்லை. எந்தக் கிடங்கு என்பதும் இல்லை. ஸ்காட்ச் விஸ்கி குறைந்தது மூன்று ஆண்டுகளாவது ஸ்காட்லாந்திலேயே, வரித்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில், ஓக் மரப் பீப்பாயில் கிடந்தாக வேண்டும் என்பது சட்டம். பீப்பாய் கைமாறுவதானால், இன்ன எண்ணுள்ள பீப்பாயை இன்னார் பெயருக்கு மாற்றுக என்று விற்பவர் கிடங்கு உரிமையாளருக்கு எழுத்துமூலம் ஆணை கொடுத்து, கிடங்குக்காரர் தம் பதிவேட்டில் மாற்றியதாக உறுதி செய்ய வேண்டும். விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழால் பீப்பாய் ஒருவர் பெயருக்கு வந்துவிடாது. ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்ற புகார்களைப் பற்றி 2025-இல் பிபிசி விரிவான புலனாய்வை வெளியிட்டது. பிரிட்டனிலும் இந்தப் பீப்பாய் முதலீடு நிதிக் கண்காணிப்பு அமைப்பின் கட்டுப்பாட்டிற்குள் வருவதில்லை. அங்கேயே கேட்பாரில்லை என்றால், பீடோங்கிலிருந்து யாரிடம் போய் முறையிடுவது? போதாததற்கு, கிடங்கு வாடகை, காப்புறுதி, ஆண்டுதோறும் ஆவியாகிற இழப்பு ஆகியவை எல்லாம் வாங்கியவர் தலையில்தான். 2022-க்குப் பிறகு அரிய விஸ்கியின் ஏல விலைகள் இறங்கியிருப்பதும் அந்தக் கையேட்டில் எங்கும் இல்லை. அதில் இருந்த வரைபடம் 2022-லேயே நின்றுவிட்டது.

தமிழ் நாளிதழில் மதுவைப் பற்றி இத்தனை நீளமாக எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1947-இல் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்துப் போராடிய மண் எங்கள் பீடோங். அந்த மரபில் வந்த மரியாதை எனக்கும் உண்டு. 2018-இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் விஸ்கி, பீர் என்று லேபிள் ஒட்டி விற்ற மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்துப் பலர் மாண்டதையும் மறக்கவில்லை. ஆனால் இந்த முதலீட்டில் விழுகிறவர்கள் குடிகாரர்கள் அல்லர். என் நண்பர் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. “நாம குடிக்கப் போறதில்லையே, வாங்கிப் போட்டு விக்கத்தானே போறோம்” என்பதுதான் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அந்தப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கும் அதுவே காரணமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் சேமநிதியை மொத்தமாகக் கையில் வாங்கியவர்களைத் தேடித்தான் இந்த இளைஞர்கள் வருகிறார்கள்.

வீட்டிலேயே புதையல் இருப்பதாக நம்புகிறவர்களும் பெருகிவிட்டார்கள். தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவரின் பேரன், அந்தக் காலத்துத் துரை ஊருக்குப் போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்த ஸ்காட்ச் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். லேபிளில் பழுப்புப் புள்ளிகள். சரக்கு கழுத்திலிருந்து தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. மதுச்சத்து விழுக்காட்டில் இல்லாமல் 70 புரூஃப் என்று அச்சிட்டிருந்தது. பிரிட்டனில் 1980-இல் அந்தக் கணக்கை மாற்றிவிட்டார்கள் என்பதால், அதற்கு முந்திய போத்தல்தான், சந்தேகமில்லை. ஆனால் அது இலட்சக்கணக்கில் உற்பத்தியான சாதாரண கலவை விஸ்கி. போத்தலில் அடைத்த பிறகு விஸ்கிக்கு வயது ஏறுவதில்லை. அலமாரியில் ஐம்பது வருடம் இருந்ததற்காகப் பெரிய விலை கிடைக்காது. அதிகம் போனால் சில நூறு ரிங்கிட். அதையும் உரிமம் இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் விற்கப் போனால் கலால் சட்டம் குறுக்கே நிற்கும். தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைப்பதானால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்கவும் சொன்னேன். படுக்க வைத்தால் தக்கை ஊறிக் கெட்டுவிடும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விஸ்கி ஏலச் செய்தி வரும்போது, அந்தப் போத்தலைப் போல எத்தனை உள்ளன, அசல் என்று சோதித்தவர் யார், விலையில் ஏலக் கட்டணம் எவ்வளவு, விற்றவர் கைக்கு வந்தது எவ்வளவு என்பதையும் இரண்டு வரியில் சேர்த்துப் போடுங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிடும் நிதி எச்சரிக்கைப் பட்டியலில் இத்தகைய நிறுவனங்களின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் வழியையும் அதன் பக்கத்திலேயே அச்சிடலாம். முடிந்தால் தங்கள் ஞாயிறு பதிப்பில் சுங்கத் துறை அதிகாரி ஒருவரைப் பேட்டி எடுத்து, ஸ்காட்லாந்துப் பீப்பாயில் தமக்குச் சொந்தமான பங்கை இந்நாட்டில் வாழும் ஒருவர் போத்தலில் அடைத்து இங்கே கொண்டுவந்தால் தீர்வை எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கேட்டு வெளியிடுங்கள். அந்தக் கூட்டத்தில் நான் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். தேநீருக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பீடோங், கெடா.