ரொட்டியை நிறுத்தச் சொல்வதற்கு முன்: டில்லி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். 1997இல் கும்பகோணத்திலிருந்து டில்லிக்கு வந்தவள் நான். அன்று முதல் ஆர்.கே.புரம் வாசம். காலையில் இட்லி, தோசை என்று ஊர் வழக்கத்தை விடவில்லை என்றாலும், அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போவதும் இரவுச் சாப்பாடும் சப்பாத்திதான். இருபது வருடங்களுக்கு மேல் ஒன்றும் செய்யாத கோதுமை, மூன்று வருடங்களுக்கு முன் திடீரென்று பகையாகிவிட்டது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு மத்தளமாக உப்பும். புடவைக் கொசுவத்தைத் தளர்த்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தால்தான் மூச்சு வரும். தலையில் ஒரு மந்தம் மறுநாள் வரை நிற்கும்.

உங்களில் ஒருவரிடம் போனேன். வயிற்றைத் தட்டிப் பார்த்தார்; எந்த ஊர் என்று கேட்டார். “மதராசிகள் வயிறு அரிசி வயிறு. சீலியாக் நோயெல்லாம் உங்களுக்கு வராது. ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பாருங்கள்” என்றார். சீலியாக் என்பது கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் நோய். நிறுத்தினேன். பத்தே நாளில் வயிறு அடங்கியது. டாக்டர் கைராசிக்காரர் என்று அம்மாவுக்குப் போன் செய்துகூடச் சொன்னேன். ஒரு மாதம் எட்டு மாதமானது.

ஆனால் கோதுமையைத் தொடாத நாட்களிலும், சின்ன வெங்காய சாம்பார் வைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மத்தளம் திரும்பி வந்தது. தொடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தபோது, சேர்மானங்களில் கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் இருந்தது. எட்டு மாதமாகத் தினமும் ரசத்தில் போட்டு வந்திருக்கிறேன்.

பிறகு பார்த்த குடல் நிபுணர் கேட்ட முதல் கேள்வி: “ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே?” அப்படி ஒன்றை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சீலியாக் நோய் இருந்தால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற அந்தப் புரதத்தைச் சாப்பிடும்போது உடம்பு எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அந்தப் பரிசோதனை தேடுவது அவற்றைத்தான். கோதுமையை நிறுத்திவிட்டால் அவை குறைந்து போகும். குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும், நோயால் பழுதான குடலுறிஞ்சிகளும் ஆறத் தொடங்கிவிடும். அப்புறம் ரத்தமும் எண்டோஸ்கோபியும் நோய் இல்லை என்று சொன்னால் நம்புவதற்கில்லை. ஆகவே மறுபடி சாப்பிட வேண்டும் என்றார். மதியம் ஒரு சப்பாத்தி, இரவு ஒன்று, ஆறு வாரம்.

அது நவராத்திரி சமயம். விரதக்காரர்களுக்காகக் கடை வாசல்களில் கோதுமைக்குப் பதிலான குட்டு மாவும் சிங்காடா மாவும் குவிந்து கிடந்தன. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒன்பது நாளும் கோதுமை தொடவில்லை. நானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு கட்டமாக அடித்து வந்தேன். நான்காவது வாரம் சப்பாத்தியைத் தட்டில் பார்த்ததுமே கண் கலங்கியது. தெரிந்தே நோயை விலைக்கு வாங்குவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.

முடிவு வந்தது. எதிர்ப்பொருள் இல்லை, குடல் திசு ஒழுங்காக இருக்கிறது, கோதுமை ஒவ்வாமையும் இல்லை. சீலியாக் அல்லாத குளூட்டன் கூருணர்வு என்று எழுதினார்கள். அதைக் காட்டிக்கொடுக்கத் தனிப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை விலக்கிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர முடியும். அந்த விலக்கலைத்தான் உங்களில் ஒருவர் தாண்டிப் போனார். சீலியாக்காக இருந்திருந்தால் அந்தப் பெருங்காயம்கூட ஆகாது, ஆயுளுக்கும் ஆகாது. என் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்திருக்க வேண்டும். ரத்தசோகையையும் எலும்புத் தேய்மானத்தையும் கவனித்திருக்க வேண்டும். இப்போதோ, கல்யாண வீட்டில் அரை பூரி தின்றால் ஒரு நாள் உப்புசத்தோடு போகிறது.

குற்றவாளி குளூட்டன்தானா என்பதிலும் சந்தேகம் உண்டு. 2018இல் வெளியான நார்வே ஆய்வில், சீலியாக் இல்லாமல் தாங்களாகவே கோதுமையை விலக்கிய 59 பேருக்கு, எது என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டம் கொடுத்தார்கள். குளூட்டன் கலந்ததைவிட ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகை கலந்ததுதான் வயிற்றை அதிகம் உப்ப வைத்தது. ஃபிரக்டான் கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அரிசி வயிறு பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் வெளியான இந்திய ஆய்வில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். சீலியாக் வடக்கே 100க்கு 1.23, தெற்கே 0.10. ஆனால் அந்த நோய்க்கு வழிவிடும் மரபணு இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில் விழும் கோதுமையில். டில்லியில் கால் நூற்றாண்டாகச் சப்பாத்தி தின்பவளிடம் கும்பகோணத்துக் கணக்கைப் போடலாமா?

ஏற்கெனவே கோதுமையை நிறுத்திவிட்டு வருகிறவர்களுக்கு அந்த மரபணுப் பரிசோதனையைச் செய்யலாம். மரபணு இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. ஆறு வாரத் தண்டனையும் இல்லை. இதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த முதல் மருந்துச் சீட்டை வைத்திருக்கிறேன். ‘கோதுமை நிறுத்தவும்’ என்று ஒரே வரி. அதற்கு மேலே ஒரு விரல்கடை இடம் காலியாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனையை அங்கே எழுதுங்கள், டாக்டர்.

இப்படிக்கு,
ஆர்.கே.புரத்து நோயாளி ஒருத்தி