மாணவர் கள ஆய்வுக்கு ஓராண்டு முழுவதும் நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியிலுள்ள வீரக்கோயில் காடு 2025ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, அதாவது பல்வகை உயிரினங்களுக்காகச் சட்டப்படி காக்கப்படும் இடமாக, அறிவிக்கப்பட்டது. 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்குக் கிடைத்த அதே தகுதி, வெறும் 4.97 எக்டேர் பரப்புள்ள ஒரு கோயில்காட்டுக்கும் கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத் தோப்புகளுக்கும் சீமைக்கருவேலத்துக்கும் இடையே அய்யனார் பெயரால் தப்பி நிற்கும் காடுகளுக்கும் அந்த நாள் வரவேண்டுமானால், அங்கே எவை நிற்கின்றன, எவை கன்றுவிட்டுப் பெருகுகின்றன, எவை இப்போதுள்ள முதிய மரங்களோடு முடிந்துபோகும் நிலையில் உள்ளன என்ற கணக்கு முதலில் வேண்டும். அதை எடுக்கக்கூடியவர்கள் அருகிலுள்ள கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களே.

இன்று முதுகலைத் திட்டப்பணி பெரும்பாலும் கடைசிப் பருவத்தின் சில மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் தலைகாட்டிப் பூத்து மடியும் சிறு செடிகளை அதற்குள் பார்க்க முடிவதில்லை. மரங்களிலும் இதே சிக்கல்தான். வீரையை எடுத்துக்கொள்வோம். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூவையோ காயையோ பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஒரு காட்டில் நாற்பது வீரை நிற்கிறது என்று எழுதுவதால் மட்டும் பயனில்லை. அவற்றுள் பெண் மரம் எத்தனை, அவற்றின் அடியில் கன்றுகள் உண்டா, ஆடு மேய்ந்து அழிகிறதா என்பதே காட்டின் எதிர்காலத்தைச் சொல்லும். இதற்கு ஒரே காட்டுக்கு ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

அப்படிப் போவதற்குத்தான் பணம் இல்லை. என்னிடம் படித்த ஒரு மாணவி பன்னிரண்டு பயணங்கள் திட்டமிட்டு மூன்றே முறை சென்றுவந்தார். பூவின்றிச் சேகரித்த கிளைகள் பலவற்றுக்குப் பெயர் எழுத முடியாமல் ஆய்வேடு முடிந்தது. உழைப்பில் அவர் குறைவைக்கவில்லை; சனி, ஞாயிறுகளில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனால்தான் விடுதிக் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலை. ஆகவே, பேருந்துக் கட்டணம், சாப்பாடு, செடிகளை அழுத்திக் காயவைக்கும் பொருள்கள் ஆகியவற்றோடு, களத்தில் செலவிடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படித்தொகையும் நிதியில் சேர வேண்டும். மரங்களின் ஊர்ப்பெயரும் பயனும் அறிந்த பூசாரியோ ஆடு மேய்க்கும் பெரியவரோ உடன் வந்தால் அவருக்கும் அன்றைய கூலி தரவேண்டும். அவர் இல்லாமல் எடுத்த பட்டியல்கள் பாதிதான் என்பது என் நெடுநாள் அனுபவம்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்குச் சிறு நல்கை வழங்கிவருவது பெரிதும் வரவேற்கத்தக்கது. அதனுள் உள்நாட்டுத் தாவரக் கள ஆய்வுக்கெனத் தனி ஒதுக்கீடு செய்து, கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்திலேயே பணத்தை முன்பணமாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கையிலிருந்து செலவழித்துவிட்டு ரசீது காட்டிப் பெறும் முறை, கையில் காசில்லாத மாணவரைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகிறது. இரண்டாமாண்டு முதுகலை மாணவர் ஜூனில் தொடங்கினால், மறு ஆண்டு ஏப்ரலுக்குள் மழை, பனி, கோடையின் தொடக்கம் அனைத்தையும் ஒரே காட்டில் பார்த்துவிடலாம்.

சேகரித்த மாதிரிகள் துறை அலமாரியில் பூச்சி அரித்துப் போகாமல், 1967இல் அருட்தந்தை கே. எம். மேத்யூ திருச்சியில் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகம் (உலர்த்திய செடி மாதிரிகளைப் பெயரிட்டுப் பாதுகாக்கும் இடம்) போன்ற இடத்துக்குச் செல்வதும், அறிக்கையின் ஒரு படி உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்குச் செல்வதும் நிதிக்கான நிபந்தனையாகட்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊரின் உயிரினங்களையும் அவை பற்றி மக்கள் அறிந்தவற்றையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டியது அந்தக் குழுவே. அடுத்த கல்வியாண்டின் நிதி அறிவிப்பிலேயே இதற்கு இடம் ஒதுக்குமாறு உயர்கல்வித் துறையைத் தங்கள் இதழ் வழியாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்,
புதுக்கோட்டை.