பெர்னாண்டஸும் பெர்னாண்டோவும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரையின் குடும்பப் பெயர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், பெர்னாண்டஸ் என்பதும் பெர்னாண்டோ என்பதும் ஒரே பெயரின் இருவேறு உச்சரிப்புகள் என்று எழுதப்பட்டிருந்தது. இது சரியன்று.

பெர்னாண்டோ என்பது ஆளுக்கு இடும் பெயர். ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தை ஆண்ட விசிகோத்தியர் என்னும் செருமானிய இனத்தார் வழியாக வந்த இந்தச் செருமானியப் பெயரின் பிற்பகுதிக்குத் 'துணிவு' என்பது பொருள். முற்பகுதிக்குப் 'பயணம்' என்று பொருள் கொள்வாரும், 'அமைதி' என்று கொள்வாரும் உளர். பெர்னாண்டஸ் என்பதோ அப்பெயர் விகுதியேற்று, 'பெர்னாண்டோவின் மகன்' என்று பொருள் தருவது. ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ் ஆனதும் லோப்போவின் மகன் லோப்பஸ் ஆனதும் இவ்வாறே.

இன்று மாறாமல் தொடரும் இவ்வகைத் தந்தைவழிப் பெயர், இடைக்காலத்தில் நம் தலைப்பெழுத்தைப் போலவே தலைமுறைதோறும் மாறியது. ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியை ஆண்ட கோமான்களின் மரபு இதற்கு நல்ல சான்று: கொன்சாலோ பெர்னாண்டஸின் மகன் பெர்னான் கொன்சாலஸ் (பெர்னான் என்பது பெர்னாண்டோவின் குறுக்கமே), 970இல் இவர் இறந்தபின் பட்டமேறிய மகன் கார்சியா பெர்னாண்டஸ், அவருடைய மகன் சாஞ்சோ கார்சியா, இங்கே மட்டும் தந்தை பெயர் விகுதி ஏற்காமல் நின்றது, அவருக்கு மகன் கார்சியா சாஞ்சஸ். ஐந்து தலைமுறையிலும் பெயரின் பின்பாதியைப் பார்த்தே தந்தை யாரென்று சொல்லிவிடலாம். பின்னர் அவ்வழக்கம் தேய்ந்து, தந்தை பெயர் எதுவாயினும் பெர்னாண்டஸ் வீட்டுப் பிள்ளை பெர்னாண்டஸ்தான் என்றாகிவிட்டது.

அவ்வாறு உறைந்துபோன நிலையில்தான் இப்பெயர்கள் போர்த்துக்கீசியருடன் நம் கரைக்கு வந்தன. 1535ஆம் ஆண்டையொட்டித் திருமுழுக்குப் பெற்ற பரதவர், தமக்கு ஞானத்தந்தையராக நின்ற போர்த்துக்கீசியரின் பெயர்களைப் பெற்றனர் என்பர் வரலாற்றாசிரியர். ஆகவே இப்பெயர்கள் தாங்கியோரை ஐரோப்பிய வம்சாவளியினர் என்று கட்டுரையாளர் குறிப்பாக உணர்த்தியிருப்பதும் பொருந்தாது. மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸின் குடும்பப் பெயர் 'மகன்' எனப் பொருள்படும் விகுதியுடன் கூடியது; தூத்துக்குடியிலும் மன்னாரிலும் பெருவழக்காயுள்ள பெர்னாண்டோ, மக்கள் வாயில் பர்னாந்து, அவ்விகுதி இல்லாதது.

ஒரே செய்தியில் ஒருவருடைய பெயரைத் தலைப்பில் ஒருவிதமாகவும் உள்ளே வேறுவிதமாகவும் அச்சிடுவதைத் தவிர்த்து, அவரவர் எழுதும் வடிவிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்