சென்னை முக்கால் மணித்தியாலத்தில் வராது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலிருந்து சென்னை 650 கிலோமீற்றர், விமானம் மணிக்கு 850 கிலோமீற்றர் பறக்கும், ஆகவே முக்கால் மணித்தியாலப் பயணம் என்று தங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கம் கணக்குப் போட்டிருந்தது. தூரம் சரி. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான். வகுத்த விதம்தான் பிழை.

பத்துப் பதினோரு கிலோமீற்றர் உயரத்துக்குப் போன பிறகுதான் அந்த 850 வரும். மேலே ஏறவே இருபது நிமிடமளவு பிடிக்கும். சென்னைக்கு 200 கிலோமீற்றர் இருக்கும்போதே இறங்கவும் தொடங்கிவிடும். அதோடு டிக்கட்டில் போட்டிருப்பது வானத்தில் இருக்கும் நேரமல்ல. இங்கே தரிப்பிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள நேரம். எல்லாம் சேர்த்தால் 1 மணி 20 நிமிடம் முதல் ஒன்றரை மணித்தியாலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை வானில் வட்டமடிக்க நேர்ந்தால் அது தனிக்கணக்கு. திருச்சி சுமார் 420 கிலோமீற்றர்; அதற்கும் ஒரு மணித்தியாலம் போகிறது.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர், கிட்டத்தட்டப் பாதித் தூரம். ஆனாலும் ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கும், ஏனென்றால் அங்கே ஓடுவது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும் ஏ.டி.ஆர். விசிறி விமானம்.

இந்தியாவுக்கும் நமக்கும் 2006 முதல் ஒரே நேரம் என்பதால் கழித்துப் பார்ப்பது சுலபம். டுபாய் அப்படியல்ல. காலை 10.00க்குப் புறப்பட்டு 1.00 மணிக்கு இறங்கும் என்று டிக்கட்டில் இருந்தால் மூன்று மணித்தியாலம் என்று நினைக்கக் கூடாது. டுபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால்; பயணம் நாலரை. திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறையும். சிங்கப்பூர் இரண்டரை மணித்தியாலம் முன்னால், அதற்குக் கழிக்க வேண்டும்.

மலையகத்திலிருந்து போகிறவர்கள் அதிகம் தவறவிடுவது நள்ளிரவு விமானங்களைத்தான். டிக்கட்டில் '15ஆம் திகதி 00.40' என்றிருந்தால் 14ஆம் திகதி இரவு 9.40க்கே கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். 15ஆம் திகதி பின்னேரம் வேன் பிடித்தால் விமானம் முதல் நாள் இரவே போயிருக்கும். கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். பிறகு கெஞ்சிப் பயனில்லை.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாக வேனில் வந்தாலும் நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாது. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே அந்த 00.40 விமானத்துக்கு 14ஆம் திகதி மாலை நான்கு மணிக்கே ஹட்டனை விட்டாக வேண்டும். ரயிலை நம்புகிறவர்கள் ஹட்டன் - கொழும்புக் கோட்டை நிலையம் 173 கிலோமீற்றர் என்பதோடு, கோட்டையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ் ஏறும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை நேர அட்டவணை போடும்போது, விமான நிலையத்துக்கு வந்துசேர வேண்டிய திகதியையும் நேரத்தையும் தனி நிரலில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்