கவரிங் போலியா?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை தெளிந்துவிட்டதால் உங்கள் கடிதத்தைப் பிறர் துணையின்றி நானே படித்தேன். சிதம்பரத்தில் உங்கள் மருமகள் தொடங்கிய கவரிங் கடை நன்றாக நடப்பதில் மகிழ்ச்சி. அதைப் ‘போலி நகைக் கடை’ என்று உறவினர் ஒருவர் சொன்னதற்கு மருமகள் வருந்தியது நியாயமே.

போலி என்பது ‘போல்’ என்பதிலிருந்து பிறந்த சொல். ஒன்றைப் போன்றிருப்பது என்பதற்கு மேல் அதில் பழி எதுவும் முதலில் இல்லை. நாம் பள்ளியில் படித்தபடி, அகம் என்பது அகன் என்று முடிந்தால் கடைப்போலி. ஐந்து என்பது எழுத்தெல்லாம் மாறி அஞ்சு என்று நின்றால் முற்றுப்போலி. இல்முன் என்பது முன்றில் என்று முன்பின்னாக மாறினால் இலக்கணப்போலி. பொருள் கெடாதவரை இவற்றையெல்லாம் இலக்கணம் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறது.

இன்றோ போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிப் பத்திரம் என்று குற்றத்தோடு சேர்ந்தே அச்சொல் காதில் விழுகிறது. போலிப் பத்திரத்தின் முத்திரைத்தாள்கூட அசலாக இருக்கலாம். விற்றவர் தம்மை உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டதுதான் பொய். செம்பின் மேலோ பித்தளையின் மேலோ தங்கமுலாம் பூசியதைக் கவரிங் என்றே சொல்லி, அதற்குரிய விலைக்கே விற்பவரிடம் அப்படி என்ன பொய் இருக்கிறது? அதே வளையலை 916 தங்கம் என்று கூறி ஒருவர் அடகு வைக்கும்போதுதான் அது போலி நகையாகிறது.

இந்த வரிசையில் எனக்கு வியப்பளிப்பது ‘நகல்’தான். அதன் உறவுச் சொல்லான ‘நக்லி’ இந்தியில் போலியைக் குறிக்க, தமிழில் நகலோ சான்றொப்பம் பெற்று அரசு அலுவலகங்களில் மரியாதையோடு உலவுகிறது. டூப்ளிகேட் என்பதற்கு இரண்டு முகமும் உண்டு: டூப்ளிகேட் சாவி பூட்டைத் திறக்கும், டூப்ளிகேட் மருந்தை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

எனவே பெயர்ப்பலகையில் ‘கவரிங்’ என்றே பெரிதாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் யோசனை கூறிய ‘பொன்னொளி அணிகலன்கள்’ வேண்டாம். அதுதான் வாங்க வருவோருக்கு ஐயத்தை உண்டாக்கும். ஆனித் திருமஞ்சனத்துக்கு வரும்போது பேத்திக்கு ஒரு ஜோடி வளையல் உங்கள் மருமகளிடமே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்