விக்கைப் பற்றி எழுதியது போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் குருவாங்பின் இசைக்குழு பற்றி வந்த கட்டுரையில் பாதி, அவர்களில் இருவர் மேடையில் மாட்டும் கறுப்பு விக்கைப் பற்றியே போய்விட்டது. இசையைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மூவர் குழு இது. 1960, 70களின் தாய்லாந்து ஃபங்க்கில் (தாளம் தூக்கலான ஆட்ட இசை) தொடங்கியவர்கள், 2018இல் வந்த இரண்டாம் ஆல்பத்தில் ஈரானிய, ஸ்பானிய வாசனையையும் சேர்த்துக்கொண்டார்கள். கிடார் வாசிக்கும் மார்க் ஸ்பியரும் டிரம்ஸ் வாசிக்கும் டொனால்ட் ஜான்சனும் தேவாலய இசைக்குழுவில் ஒன்றாக வாசித்துப் பழகியவர்கள். டிரம்ஸில் அந்தப் பழக்கம் தெரிகிறது: உருட்டல் மிரட்டல் கிடையாது, ஒரே நடை. மூன்றாமவர் லாரா லீயின் பேஸ் கிடார் நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். பல பாடல்களில் பாடகருக்குப் பதில் எதிரொலியில் நனைந்த கிடார்தான் முன்னால் நிற்கிறது. இளையராஜாவின் பேஸ் கிடாரைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது.

நம் பெங்களூரிலும் இப்படிப் பரிசோதனை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன, கேட்க வேண்டுமென்றால் பப்புக்குத்தான் போக வேண்டும். கிளாஸ் சத்தத்தில் பாதி காதில் விழாது (என் வயசுக்கு வாசலிலேயே ஒரு மாதிரி பார்க்கிறார்கள்). மல்லேஸ்வரத்திலோ அல்சூரிலோ சபாக்காரர்கள் மாதம் ஒரு மாலையை இவர்களுக்கு ஒதுக்கலாமே. டிக்கெட் எடுத்து வர நான் தயார்.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு