தங்கச்சிமடத்திலிருந்து நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வரும் ஒன்றாம் தேதி முதல் எல்லோரும் வாரத்தில் ஐந்து நாளும் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும் என்ற உங்கள் மின்னஞ்சலைப் படித்தேன். 'யாருக்கும் விலக்கு கிடையாது' என்று முடித்திருக்கிறீர்கள். விலக்கு கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். திரைப்படக் காட்சிகளைக் கணினியில் செப்பனிடும் நம் நிறுவனத்தின் ரோட்டோ (காட்சியிலிருந்து உருவங்களைப் பிரித்தெடுப்பது), பெயிண்ட் (வேண்டாததை அழிப்பது), காம்ப்பாசிட்டிங் (எல்லாவற்றையும் ஒரே காட்சியாகச் சேர்ப்பது) பிரிவுகளில் 2020 ஊரடங்கிலிருந்து வீட்டில் இருந்தே வேலை செய்கிறவர்களை அப்படியே தொடர விடுங்கள். ஒவ்வொரு படமும் தொடங்கும்போது ஒரு வாரம், டெலிவரிக்கு முன்னால் ஒரு வாரம் சென்னைக்கு வந்துவிடுகிறோம்.

போன மாதம் ஒத்திகை என்று ஒரு வாரம் வரச் சொன்னீர்கள். வந்தேன். ஞாயிறு இரவு முழுக்க ரயிலில் இருந்துவிட்டு, திங்கள் காலை ஒன்பதரைக்கு இருக்கையில் இருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் அந்த வாரம் ஹைதராபாத்தில் இருந்தார். டெய்லிஸ், அதாவது அன்றன்றைய வேலையைப் பார்த்துத் திருத்தம் சொல்லும் கூட்டம், எல்லாம் வீடியோ அழைப்பில்தான் நடந்தது. பக்கத்து இருக்கைப் பையன் அதே அழைப்பில் அவன் ஹெட்போனில் இருந்தான், நான் என் ஹெட்போனில் இருந்தேன். தங்கச்சிமடத்தில் என் அறையில் உட்கார்ந்து பார்க்கிற அதே திரையை, அதே முகங்களைப் பார்க்கத்தான் ஒரு இரவுப் பயணம் செய்து வந்திருக்கிறேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

என் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ராமநாதபுரத்தில் டயாலிசிஸ். இங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர், பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். அதிகாலையில் கிளம்பினால் நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் திரும்ப முடியும். அந்த இரண்டு நாளும் நான் மாலை மூன்று மணிக்கு லாகின் செய்து இரவு பன்னிரண்டு வரை வேலை செய்கிறேன். சூப்பர்வைசருக்குத் தெரியும், அவர் சம்மதத்தோடுதான். ஒரு டெலிவரிகூட இதனால் தள்ளிப்போனதில்லை.

அந்தச் செவ்வாய் அப்பா தனியாகப் போனார். "நீ வேலையப் பாரு பிள்ள, நான் போயிட்டு வந்துருவேன்" என்றார். டயாலிசிஸ் முடிந்ததும் சில நேரம் ரத்த அழுத்தம் இறங்கி அவருக்குத் தலை சுற்றும். பஸ்ஸில் ஏறும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், ஏனென்றால் இடது கையில் ஊசி போடுவதற்கென்று ரத்தக்குழாயை இணைத்திருக்கிறார்கள், அந்தக் கையால் கனம் தூக்கவோ அழுத்திப் பிடிக்கவோ கூடாது. முப்பது வருடம் வலை இழுத்த கை அது. பஸ் நிலையத்தில் தூணோரமாக உட்கார்ந்தவர் எழ முடியாமல் இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறார். போனை எடுக்கவில்லை. பூக்கடைக்கார அக்கா ஒருவர்தான் அப்பாவின் போனிலிருந்து என்னை அழைத்தார். அப்போது நான் ஒரு சண்டைக் காட்சியில் நடிகரைத் தூக்கிக் கட்டியிருந்த வயரைத் திரையில் அழித்துக்கொண்டிருந்தேன். 550 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு, பெயர் தெரியாத அந்த அக்காவிடம், "அவருக்கு நிறைய தண்ணி குடுத்துறாதீங்க, அளவாத்தான் குடிக்கணும்" என்று கெஞ்சினேன். அப்புறம் கழிவறையில் போய் நின்றேன். பத்து நிமிடம் இருக்கையில் இல்லை என்று அன்றைய வருகைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்துக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. என் கடிதங்களுக்கு மட்டும் பதில் இல்லை.

சரி, உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். 'படைப்பு வேலை கூடி இருந்தால்தான் நடக்கும், டிஸ்னியே 2023 மார்ச் முதல் ஊழியர்களைத் திரும்ப அழைத்துவிட்டது' என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் அன்று கேட்டது வாரத்துக்கு நான்கு நாள். நேரில் பேசுவதில் பலன் இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, புது யோசனைகள் வீடியோ அழைப்பில் குறைவாகவும் நேரில் அதிகமாகவும் பிறக்கின்றன என்று காட்டியது. வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ அழைப்பு பின்தங்கவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. யோசனை பிறக்கிற வாரத்தில் வருகிறோம் என்றுதானே நாங்களும் சொல்கிறோம்? ஒரு நொடிக்கு 24 பிரேம், ஒவ்வொரு பிரேமிலும் ஒரு நடிகையின் முடியோரத்தைப் பிரித்தெடுக்கிற வேலைக்கு வேண்டியது அமைதியும் நல்ல திரையும்தான்.

2024இல் அதே இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. சீனாவில் ஒரு பயண நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் செய்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலைத்திறன் குறையவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். நான் கேட்பது இரண்டு நாளைவிட அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நம் பிரிவில் இந்த மின்னஞ்சலுக்குப் பிறகு யார் யார் வேறு வேலை தேடுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

படம் கசிந்துவிடும் என்ற பயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காட்சிக் கோப்பு எதுவும் என் கணினிக்கு வருவதில்லை. எல்லாம் சென்னை சர்வரிலேயே இருக்கிறது, திரையில் தெரிவது மட்டும்தான் எனக்கு வருகிறது. அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததே நீங்கள்தான். இணைய இணைப்பு போய் நான் வேலை செய்ய முடியாமல் இருந்தது 2024 நவம்பரில் தீவில் பெருமழை கொட்டிய அன்று மட்டும். மறுநாளே ராமநாதபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய் ஈடுகட்டினேன்.

இங்கே இருப்பதால் வேலைக்கும் ஒரு நன்மை உண்டு. போன வருடம் ஒரு படகுக் காட்சியில் பாதி ஷாட்டுகளை வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் காலத்திலும் மீதியைத் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போதும் எடுத்திருந்தார்கள். ஒட்ட வைத்தால் ஏதோ இடித்தது, என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. எங்களுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடையில் வடகடல் கலங்கும், கச்சானில் தென்கடல் பொங்கும். நிறமும் நுரையும் மாறும். தெருவில் இறங்கி இரண்டு கடலையும் பார்த்துவிட்டு வந்துதான் அந்த ஷாட்டுகளைச் சரிசெய்தேன். நீங்களே கூட்டத்தில் பாராட்டினீர்கள்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசு அலுவலகங்களில் யாரையாவது தண்டிக்க நினைத்தால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்பார்கள். அவர்கள் சொல்கிற காடு எங்கள் ராமநாதபுரம் மாவட்டம். படித்தவன் சென்னைக்கு, படிக்காதவன் வளைகுடாவுக்கு என்று எங்கள் ஊர்கள் காலியாகிக்கொண்டே வந்தன. கடலுக்குப் போனவர் கரை திரும்புவாரா, இலங்கைக் கடற்படை பிடித்துவிடுமா என்று தெரியாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஊரில் இருந்துகொண்டே மரியாதையான ஒரு வேலை செய்யலாம் என்பதை இந்த ஐந்தாறு வருடத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தோம். என்னைப் பார்த்து எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் ரோட்டோ கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வது?

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். இந்த நிறுவனம் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது, அதை மறக்கவில்லை. திரும்பவும் பணிவோடு கேட்கிறேன்: எங்கள் மூன்று பிரிவுகளுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதியை எழுத்தில் கொடுங்கள். படத்துக்கு இரண்டு வாரம் சென்னைக்கு வர நாங்கள் தயார்.

பதிலை 20ஆம் தேதிக்குள் தெரிவித்தால் பெரிய உதவியாக இருக்கும். அப்பாவுக்குச் சென்னையில் டயாலிசிஸ் இடம் தேடுவதானால் இங்கே செவ்வாய், வெள்ளி இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டால் திரும்பக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்று நர்ஸ் சொல்கிறார். 20ஆம் தேதி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெயிண்ட் பிரிவிலிருந்து உங்கள் ஊழியர்,
தங்கச்சிமடம், ராமேஸ்வரம் தீவு